வேறுபாடு: ஒன்று

பேனாவை வெளியே பெட்டகத்தில் வைக்கச் சொன்னார்கள்.
உள்ளே பென்சில் மட்டும்தான்.
அதனாலென்ன, என் பிழைப்பே பென்சில்தான்.
துவாஸ் கப்பல் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாய்ச்
சம்பளப் பட்டியல் சரிபார்க்கிறேன்.
ஐந்து காசு உதைத்தால்
கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவள்.

விடுப்பு எடுத்த செவ்வாய்க்கிழமை,
கேனிங் ரைஸ் ஆவணக் காப்பகம்,
நுண்படச் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தேன்
அழகிரியைத் தேடி.

என் அடையாள அட்டையில்
எனக்கும் அப்பாவுக்கும் நடுவே ஒரு சாய்கோடு.
அப்பாவுக்கும் அவர் அப்பாவுக்கும் ஒன்று.
அந்த அப்பாவின் பிறப்புச் சான்றிதழில்
ழகரம் நுழையாத எழுத்தர் ஒருவர்
காதில் விழுந்ததை எழுதிவைத்தார்: அல்லாகரி.
வேறொரு தாளில் அலிகரை.
அதற்கப்பால் சாய்கோடுகூட இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று. குடிக்கணக்கு.

"பெயர்களா?" என்றாள் நூர்ஹயாத்தி,
மேசைக்கு அந்தப் பக்கமிருந்து,
துக்க வீட்டில் பேசும் குரலில்.
"வீடு வீடாக எழுதிய தாள்கள் எங்களிடம் இல்லை, மேடம்.
கூட்டுத்தொகைதான் இருக்கிறது."

கூட்டுத்தொகை.
எனக்கா தெரியாது அதை.

பக்கம் பக்கமாய்க் கட்டங்கள்.
தமிழர் ஆண், தமிழர் பெண்,
மணமானவர், ஆகாதவர், கைம்பெண்டிர்.
எண்ணிய இரவில் படகிலிருந்தவர்கள்
தனி வரியில் இன்னும் மிதந்துகொண்டிருந்தார்கள்.
கடன்பட்டவர்க்கு மட்டும் கட்டம் இல்லை.

பதினோராங்கட்டைத் தோட்டம்.
இடவாரி அட்டவணையில்
வயதுவந்த தமிழ் ஆண்கள் 213.
நாற்பது பக்கம் தள்ளித் தொழில்வாரியில்
அதே தோட்டம், 212.

பென்சிலை எடுத்தேன்.
பால் வெட்டுவோர், களையெடுப்போர்,
மாட்டுவண்டிக்காரர் ஒன்பது பேர்,
நாவிதர் ஒருவர், கங்காணி மூவர்.
மேலிருந்து கீழே கூட்டினேன், கீழிருந்து மேலே கூட்டினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.

கணக்கு உதைத்தது.
குளிரூட்டியின் குளிர் அல்ல அது,
பிடரியில் ஏறியது.

எங்கள் வீட்டில் சொல்வார்கள்:
கங்காணியிடம் கடன் முற்றி
சம்பள நாளுக்கு முந்தின இரவு,
விளக்கை எரியவிட்டபடியே
சதுப்பில் இறங்கிப் போனாராம் அழகிரி,
பாயில் பெண்டாட்டியும் பத்து மாதப் பிள்ளையும்.
எந்த வருடம் என்று யாரும் சொன்னதில்லை.

தலையை எண்ணிய சுற்றில் இருந்திருப்பார்.
தொழிலைக் கேட்க மறுபடி வந்தபோது
விளக்குத்தான் இருந்திருக்கும்.

தெரியும்.
பக்கத்து லயத்து ஆள் இரண்டு தரம் எண்ணப்பட்டிருக்கலாம்.
யாரோ ஒருவர் தொழிலே சொல்லாமல்
முறைத்துப் பார்த்திருக்கலாம்.
இருபத்திரண்டு வருடத்தில் நான் பிடித்த வேறுபாடுகள்
பெரும்பாலும் யாரோ கொட்டாவி விட்ட நேரத்தில் நேர்ந்தவை.
ஆனாலும் கை நடுங்கியது,
பென்சில் முனை உடைந்தது.

படிக்கட்டில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன்.
யீஷூன் காப்பிக்கடை. பின்னால் தட்டு கழுவும் சத்தம்.
குறுக்கே பேசாமல் கேட்டார், அது அவர் வழக்கமில்லை.

"அச்சுக் கோத்தவன் தூக்கக் கலக்கத்தில
ரெண்டுக்குப் பதிலா மூணு போட்டிருப்பான்."

"இருக்கலாம்பா."

"செத்த நாள் தெரியாதுன்னு
ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை
சாங்கிக் கடல்ல எள்ளும் தண்ணியும் விட்டேனே,
ஒரு அச்சுப்பிழைக்கா விட்டேன்?"

சிரித்தார்.
பிறகு சிரிப்பு நின்றது. தட்டுச் சத்தம் மட்டும்.

"எத்தனாம் பக்கம்?" என்றார்.

நூற்று நாற்பத்தாறு என்றேன்.

"இரு."
போனைக் காதிலிருந்து எடுக்காமலே
கடைக்காரரிடம் அவர்
பேனா கேட்பது எனக்குக் கேட்டது.